பேசத் தொடங்கியதும் கூட்டி வாருங்கள்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கின்ற கண்டக்குழிக்குச் சில மாதங்களுக்கு முன்னர் போக நேர்ந்தது. செய்தி சேகரிக்கப் போகவில்லை. ஓய்வுபெற்ற பின்னர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். கற்பிட்டியில் வசிக்கும் நீண்டகால நண்பர் ஒருவரின் மகளுடைய திருமணத்துக்குச் சென்றிருந்தேன். மறுநாள் மாலை, கடற்கரையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் அழைத்துச் சென்றார். போகிற வழியில் அவருக்குத் தெரிந்த மீனவக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள்ளும் நுழைந்தோம்.

அந்த வீட்டு முற்றத்தில் கண்டதை எழுதுவதா விடுவதா என்று பல நாட்கள் யோசித்தேன். தாயாரிடம் கேட்டேன். “பேரைப் போடாதீங்க ஐயா, மற்றதெல்லாம் எழுதுங்க” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

முற்றத்துத் தென்னை மரத்தில் வலைக்கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனை ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் இடுப்பில் இருந்தது. தோலில் உரசாமலிருக்கப் பழைய சேலைத் துணியை மடித்துச் சுற்றிவிட்டு அதன் மேல் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கயிறு முற்றத்தைச் சுற்றிவரப் போதுமானது. வேலியைத் தாண்டப் போதாது. பையன் எங்களைப் பார்க்கவில்லை. வலையின் மிதவைகளை நிறவாரியாக நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்று கோட்டைவிட்டு விலகினாலும் முழுவதையும் கலைத்து மீண்டும் தொடங்கினான்.

“குறை நினைக்காதீங்க ஐயா” என்றார் தாய். “கருவாடு காயப்போடப் போகணும். அவிழ்த்துவிட்டா நேரே தண்ணிக்குத்தான் போவான். போன வருசம் ரெண்டு தரம் கழுத்தளவு தண்ணியில இருந்து தூக்கிக்கொண்டு வந்தாங்க.”

பையனுக்கு ஓட்டிசம். தமிழ்நாட்டில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எங்களூர்ப் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ‘மனவளர்ச்சி குன்றிய’ என்று தலைப்பிட்டோம். அப்படித் தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். நான்கு வயதில் கொழும்பில் மருத்துவர் ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார். கண்டக்குழியிலிருந்து கொழும்பு 160 கிலோமீற்றருக்கு மேல். ஒரு தடவை போய்வர ஒன்றரை நாள் தொழில் போகும். பல தடவை போனார்கள். மருத்துவர் சொன்ன அறிவுரைகளில் முக்கியமானது, “தாமதியாமல் பாடசாலையில் சேருங்கள்” என்பதாகும்.

தீபகற்பத்திலுள்ள மூன்று பாடசாலைகளுக்கு அவர்கள் ஏறி இறங்கினார்கள். எந்தப் பாடசாலை என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு அதிபரைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. முதலாவது பாடசாலையில், “பிள்ளை பேசத் தொடங்கியதும் கூட்டி வாருங்கள்” என்றார்கள். இரண்டாவதில், “விசேட கல்வி அலகு இருக்கும் பாடசாலையாகப் பார்த்துச் சேருங்கள், அதுதான் பிள்ளைக்கு நல்லது” என்றார்கள். மூன்றாவது பாடசாலை சேர்த்துக்கொண்டது. நான்காம் நாள் தாயை அழைத்து, மற்றப் பெற்றோர்கள் முறைப்படுகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டது. மூன்று இடங்களிலும் அன்பாகத்தான் பேசினார்கள் என்று தாய் அழுத்திச் சொன்னார். ஒருவரும் ஏசவில்லையாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ‘ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பொருத்தமான பாடசாலையைத் தெரிவுசெய்வது எப்படி’ என்ற தலைப்பில் வருகின்ற கட்டுரைகள் நமது சமூகத்தில் ஒரு பொய்யைப் பரப்புகின்றன. தெரிவு என்ற ஒன்று பெற்றோரின் கையில் இருக்கிறது என்பதே அந்தப் பொய். ஞாயிறு இதழ் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் ஆங்கில ஏடுகளிலிருந்து இத்தகைய கட்டுரைகளை மொழிபெயர்ப்பித்துப் பிரசுரித்தவன் என்ற வகையில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஐந்து பாடசாலைகளை நேரில் சென்று பாருங்கள், வகுப்பில் எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர் என்று கேளுங்கள், சத்தம் தாங்காத பிள்ளைக்கு அமைதியான அறை உண்டா என்று விசாரியுங்கள் என்று போட்டோம். கண்டக்குழித் தாய் ஐந்தைப் பார்க்கவில்லை; மூன்றைத்தான் பார்த்தார். மூன்று இடங்களிலும் பாடசாலைதான் பிள்ளையைப் பரிசோதித்தது, பாடசாலைதான் தெரிவுசெய்தது, பாடசாலைதான் நிராகரித்தது. இதற்குப் பெயர் தெரிவு என்றால் கரைவலையில் சிக்கிய மீனும் தன் கரையைத் தானே தெரிந்தெடுத்தது என்று சொல்லலாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக 1996 இல் நிறைவேற்றிய 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, இயலாமையைக் காரணங்காட்டித் தொழிலிலோ கல்வி நிறுவனமொன்றுக்கான அனுமதியிலோ எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் 2007 இல் கைச்சாத்திட்ட இலங்கை, ஒன்பது வருடங்கள் தூங்கி எழும்பி 2016 பெப்ரவரியில் அதனை ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 24 ஆவது உறுப்புரை, பொதுக் கல்வி முறையிலிருந்து எந்தப் பிள்ளையையும் இயலாமையின் பேரில் விலக்கலாகாது என்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1940களில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியைப் பற்றி நாம் இன்றும் மேடைதோறும் பெருமை பேசுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016 இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. இந்த ஒழுங்குவிதி யாரைக் கட்டுப்படுத்துகிறது? பெற்றோரை. பிள்ளையை அனுப்பாத தகப்பனை அதிகாரிகள் தேடி வரலாம். பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பனைத் திருப்பி அனுப்பிய அதிபரைத் தேடி எவராவது வந்ததாக என் பத்திரிகை வாழ்க்கையில் ஒரு செய்தியும் என் மேசைக்கு வந்ததில்லை.

மற்றப் பெற்றோர்கள் முறைப்படுகிறார்கள் என்ற அந்த மூன்றாவது பதிலைக் கேட்டதும் எனக்குக் குளியாப்பிட்டி நினைவுக்கு வந்தது. புத்தளத்துக்கு அடுத்த குருநாகல் மாவட்டத்தில், 2016 இல், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக வதந்தி பரவியது. பாடசாலைகள் கதவைச் சாத்தின. சேர்த்துக்கொண்ட இடத்தில் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தொற்று இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, பிள்ளையின் கல்வி உரிமையை மறுக்க முடியாது என்பது அவ்வருடம் ஏப்ரலில் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு. கண்டி திரித்துவக் கல்லூரி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. நாடு முழுவதும் பேசியது, ஆசிரியத் தலையங்கங்கள் எழுதினோம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இதே கதவு வருடாவருடம் ஜனவரியில் சாத்தப்படுகிறது. தலையங்கம் எழுதுவதற்கு அங்கே வதந்தியும் இல்லை, ஊர்வலமும் இல்லை. கனிவான குரலில் ஒரு வாக்கியம் மாத்திரமே இருக்கிறது.

எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் விடை மிகச் சிறியது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் 18 மாதம் முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில் 4 பேருக்கு ஓட்டிசம் கண்டறியப்பட்டது. 93 பேருக்கு ஒருவர். சிறிய ஆய்வுதான், ஒரு கிராமத்தின் கணக்கை அதிலிருந்து போட்டுவிட முடியாது. ஆனால் தங்கள் பாடசாலையில் அப்படி ஒரு பிள்ளையும் இல்லை என்று ஓர் அதிபர் சொல்வாரானால், அவர் வாசலில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று கேட்பதற்கு அது போதும்.

இனிக் கயிற்றுக்கு வருகிறேன். இந்தக் கயிற்றைப் பற்றிச் சொன்னபோது கொழும்பில் படித்த நண்பர் ஒருவர், “காட்டுமிராண்டித்தனம்” என்றார். ஓட்டிசத்துக்குத் தாயைக் குற்றஞ்சாட்டுவது பழைய வியாதி. அமெரிக்காவில் லியோ கனர் 1943 இல் இந்த நிலையை முதன்முதலாக விவரித்த பின்னர், அன்பில்லாத தாய்மாரின் குளிர்ந்த மனமே காரணம் என்று பெரிய பெரிய நிபுணர்கள் இருபது வருடங்களுக்கு மேல் எழுதினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் அதை ஒரு புத்தகமாகவே போட்டார். அது முழுத் தவறு என்று நிறுவப்பட்டு நீண்ட காலமாகிவிட்டது. நம்மவர் வாயிலிருந்து மட்டும் அது போகவில்லை.

அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்த உண்மை நண்பருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவார்கள். அவர்களில் பலரைத் தண்ணீர் இழுக்கும். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் ஏனைய பிள்ளைகளைவிட 160 மடங்கு அதிகம். கண்டக்குழியில் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் போனால் புத்தளம் களப்பு. நடுவில் மணல் திட்டு பிரித்து வைத்திருக்கும் சிறு களப்பு. இப்படிப்பட்ட ஊரில் காலை ஏழரை முதல் மதியம் ஒன்றரை வரை ஒரு பிள்ளையைப் படலையும் ஆசிரியரும் உள்ள ஓரிடத்தில் வைத்திருப்பதே உயிர் காக்கும் வேலை. எழுத்தும் கணக்கும் அதற்குப் பிறகு. அந்த ஆறு மணித்தியாலத்தைப் பாடசாலை மறுத்தபோது, அதைத் தென்னை மரமும் வலைக்கயிறும் பொறுப்பேற்றுக்கொண்டன. காட்டுமிராண்டித்தனம் என்ற சொல்லை நண்பர் பயன்படுத்த விரும்பினால் அதை வேறு முகவரிக்கு அனுப்பவேண்டும்.

‘கொழும்பிலே நல்ல நிலையங்கள் இருக்கின்றனவே, சர்வதேசப் பாடசாலைகள் இருக்கின்றனவே’ என்பார்கள் வசதியுள்ளவர்கள். இருக்கின்றன. சர்வதேசப் பாடசாலை என்று பெயர்ப்பலகை தொங்குபவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட வர்த்தக நிறுவனங்கள். பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் எந்த வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் போய் முறையிட முடியாது. அது கிடக்கட்டும். பங்குக்காசில் வாழும் படகுத் தொழிலாளியின் குடும்பம் ஆறு வயதுப் பிள்ளையைக் கொழும்பில் விட்டுவிட்டு வருவதா, அல்லது கண்டக்குழியை விட்டே போவதா? நாட்டின் மறுகோடியில் ஒரு விடுதியைக் காட்டி, இதோ உங்கள் தெரிவு என்று சொல்வது அரசுக்கு மிகவும் மலிவான வழி.

இந்தக் கரையோரத்துக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே கடல் கொந்தளிக்கும். மே மாதம் தொடக்கம் ஒக்டோபர் வரை அந்தக் காற்றை நம்பிப் பட்டம் பூட்டிய பலகையில் சறுக்குவதற்காக வெளிநாட்டுக்காரர்கள் கண்டக்குழிக் களப்புக்கு வருகிறார்கள். அதே காற்றுக்குப் பயந்து புத்தளம், சிலாபம் கரையோரத்து மீனவர்கள் பலர் வடகிழக்குக் கரைக்கு வாடி போடப் போகிறார்கள். (அந்த வாடிகளைப் பற்றி முல்லைத்தீவு மீனவர்களுக்கு இருக்கும் நியாயமான முறைப்பாடு வேறொரு நாள் எழுதவேண்டிய விடயம்.) குடும்பமும் சேர்ந்து போனால் பிள்ளைகளின் பாடசாலை நடுவருடத்தில் அறுந்துபோகும். சாதாரண பிள்ளைக்கே இது நட்டம். மிதவை ஒன்று கோட்டைவிட்டு விலகினாலே கலங்கிப்போகிற பிள்ளைக்கு ஊரும் வீடும் வகுப்பறையும் ஒரே வாரத்தில் மாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. “இந்த வருசம் அவரைத் தனியத்தான் அனுப்பணும்” என்றார் தாய். அப்படியானால் ஐந்து மாதங்கள் அந்தக் கயிற்றுக்கு அவர் ஒருத்தியே காவல்.

மொழியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே பாடசாலையைத் தெரிவுசெய்வது மொழியைத் தெரிவுசெய்வதுமாகும்.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் கடந்து வடக்கே வரும் இந்தக் கரையோரம் ஒரு காலத்தில் பெரும்பாலும் தமிழ் பேசியது. பாடசாலை மொழி மாறியது. இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டு மொழியும் மாறியது. பாட்டி தமிழில் செபமாலை சொல்வார், பேத்தி சிங்களத்தில் பதில் சொல்வாள் என்ற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் புலம்பி நிறையவே எழுதியாகிவிட்டது. ஆனால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டில் இந்த மாற்றத்துக்கு வேறொரு விலை இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான பட்டப்படிப்பு றாகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. அங்கிருந்து வெளிவருபவர்களில் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் மிகச் சிலர். ஆகவே புத்தளத்துத் தமிழ்ப் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைத்தால் அது சிங்களத்தில் கிடைக்கும். காசு கொடுத்தால் ஆங்கிலத்தில் கிடைக்கும். பிறகு, “பிள்ளையைக் குழப்பாதீர்கள், வீட்டிலும் ஒரே மொழியைப் பேசுங்கள்” என்ற அறிவுரை வரும். கண்டக்குழித் தாய்க்கும் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். தட்டுத்தடுமாறிய சிங்களத்தில் பிள்ளையோடு அவர் பேசிப் பார்த்திருக்கிறார். “எனக்கே வார்த்தை வராத பாஷையில அவனுக்கு எப்படி ஐயா வார்த்தை வரும்?”

இந்த அறிவுரைக்கு ஆதாரம் கிடையாது. மொன்றியலில் ஹம்ப்ளி, ஃபொம்போன் ஆகிய ஆய்வாளர்கள் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட முடிவில், இரண்டு மொழிகள் புழங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனால் மேலதிகத் தாமதம் ஏற்படவில்லை என்று கண்டார்கள். அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசையில்தான் போயிருக்கின்றன. புலம்பெயர் தமிழ் வீடுகளிலும் இதே தவறு நடந்திருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும், மருத்துவர் பெயர் சொன்ன மறுநாளே வீட்டில் தமிழை நிறுத்திய பெற்றோரை எனக்குத் தெரியும். பிள்ளையின் மீது அவர்களுக்கு இருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டு அம்மம்மா, பேரனோடு பேசுவதை அன்றோடு நிறுத்தவேண்டியதாயிற்று. ஒரு நாளில் பத்துச் சொல் பேசுகிற பிள்ளைக்கு, கேட்பதற்கு இருந்த இரண்டு காதுகளில் ஒன்றை நாமே அடைத்துவிட்டோம். நமது அரசியலமைப்பின் 21 ஆவது உறுப்புரை தேசிய மொழிகளில் எதிலேனும் கல்வி கற்கும் உரிமையைத் தருகிறது. பேசாத பிள்ளைக்கு அந்த உரிமை இல்லையென்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தாய் பேசும் மொழியில் பாடம் நடக்கும் பாடசாலை என்பது ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு முதல் நிபந்தனையாக இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கண்டக்குழி என்றவுடன் வெளிநாட்டு நண்பர் ஒருவர், “அங்கே டொல்பின்கள் இருக்கின்றனவே, ஓட்டிசத்துக்கு டொல்பின் சிகிச்சை நல்லதாமே” என்று தொலைபேசியில் கேட்டார். உண்மைதான், நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை இந்தக் கடலில் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளும். உல்லாசப் பயணிகளைப் படகேற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். டொல்பின் சிகிச்சை பற்றிய ஆய்வுகளை லோரி மரினோ, ஸ்கொட் லிலியன்ஃபெல்ட் ஆகிய இருவரும் 1998 இலும் 2007 இலும் அலசி, நம்பத்தக்க சான்று எதுவுமில்லை என்று எழுதிவிட்டார்கள். இந்தப் பிள்ளையின் தகப்பன் நாள்தோறும் டொல்பின்களைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போகிறார். அவற்றால் ஆகக்கூடியது எதுவாயிருந்தாலும் இதற்குள் ஆகியிருக்கும். தாயார் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். அதை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த அன்னை காசு கேட்பதில்லை.

வெளிநாட்டு நண்பர்களிடம் எனக்கு வேறொரு வழக்கும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த தெரிவு உங்கள் சம்பளத்தினால் மட்டும் வந்ததென்று எண்ணாதீர்கள். ஒன்ராறியோவில் 1980 இல் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, விசேட கல்வி தரவேண்டிய கடமை கல்விச் சபைகள் மீது சுமத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள் குடும்பங்கள் சட்டத்தின்படி, பிள்ளைக்கான கல்வித் திட்டத்தில் இன்ன பாடசாலை என்று பெற்றோர் பெயர் குறிப்பிட்டுக் கேட்கலாம். உள்ளூராட்சி மறுத்தால் நியாயசபைக்குப் போகலாம். அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள மாணவன் ஒருவனின் பெற்றோர், பாடசாலை அவனை வருடாவருடம் ஒப்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறது என்று வழக்காடினர். அந்த எண்ட்ரூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 இல் ஒருமனதாகப் பெற்றோர் பக்கம் நின்றது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31 ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இயலாமையுள்ள பிள்ளை அயலிலுள்ள பாடசாலையிலோ சிறப்புப் பாடசாலையிலோ தன் விருப்பப்படி இலவசமாகக் கற்கலாம் என்று, ‘விருப்பம்’ என்ற சொல்லையே போட்டு எழுதியிருக்கிறது. அதன் பின்னரும் அங்கே ஆசிரியர்கள் போதவில்லை. ஆரம்ப வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 இல் சொல்லவேண்டியிருந்தது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிரிவும் ஓர் எண்ணும் அங்கே இருக்கின்றன.

அப்படிப்பட்ட நாடுகளில் இருந்துகொண்டு ஊர்ப் பாடசாலைக்கு நீங்கள் அனுப்பும் காசில் என்ன நடக்கிறது? பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவு கட்டுகின்றன. வளைவில் பெயர் பொறிக்கப்படுகிறது. வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளூரிலேயே பயிற்றுவித்து அமர்த்தினால் பொறிப்பதற்குக் கல் இருக்காதுதான். ஆனால் வளைவுக்குச் செலவாகும் காசில் அந்தப் பெண்ணுக்கு எத்தனை வருடம் சம்பளம் கொடுக்கலாம் என்று உங்கள் பொருளாளரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண வகுப்பில் போடுவது சரிதானா என்ற எதிர்வாதம் உண்டு. அது இலேசாகத் தள்ளக்கூடிய வாதமன்று. இங்கிலாந்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளில் சேர்க்கும் போக்குக்கு வழிவகுத்தது, 1978 இல் மேரி வார்னொக் தலைமையிலான குழு அளித்த அறிக்கை. அதே வார்னொக் 2005 இல், அது அளவுமீறிப் போய்விட்டது, பல பிள்ளைகள் பெரிய பாடசாலைகளில் தொலைந்துபோகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். தன்னைத் தானே கடித்துக்கொள்ளும் பிள்ளையை, நாற்பது பேர் கத்தும் வகுப்பில் துணைக்கு ஆளில்லாமல் உட்காரவைப்பது அந்தப் பிள்ளைக்கும் கொடுமை, ஆசிரியைக்கும் கொடுமை. ஆனால் வார்னொக் எழுதியது, பிள்ளையைக் காலையில் கூட்டிச்சென்று மாலையில் திருப்பிக்கொண்டுவரக்கூடிய தூரத்தில் சிறப்புப் பாடசாலைகள் இருந்த ஒரு நாட்டில். கற்பிட்டித் தீபகற்பத்தில் அந்த வாதத்தைச் சொல்பவர், பிள்ளைக்கு மாற்றாக எந்தக் கட்டடத்தைக் காட்டுகிறார் என்பதையும் சொல்லவேண்டும். இங்கே சாதாரண பாடசாலைக்கு மாற்று, அந்தத் தென்னை மரம்.

விசேட கல்வி அலகு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பாடசாலை வளவுக்குள்ளேயே இருந்து, காலைக் கூட்டத்துக்கும் விளையாட்டுக்கும் மற்றப் பிள்ளைகளோடு சேரவிடுகிற அலகு நல்லது. கேட்காத பிள்ளையையும் பேசாத பிள்ளையையும் நடக்காத பிள்ளையையும் ஒரே அறையில் இருத்தி, நிறந்தீட்டும் கொப்பி கொடுத்து மணி அடிக்கும்வரை வைத்திருக்கும் அலகுகளையும் பார்த்திருக்கிறேன். எந்த வகை என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். உள்ளேயிருக்கும் ஆசிரியையிடம், இந்தப் பிள்ளை போன தவணையில் செய்யாததை இந்தத் தவணையில் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். விடை இருந்தால் சேருங்கள்.

கண்டக்குழிப் பையனுக்கு அப்படி விடை சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் கசப்பான பகுதி. அவன் ஒரு வருடம் முன்பள்ளிக்குப் போனான். அந்த ஆசிரியை உயர்தரம் மட்டும் படித்தவர். ஓட்டிசம் பற்றி எந்தப் பயிற்சியும் பெற்றதில்லை. அவரையும் சந்தித்தேன். பையன் உள்ளே வர மறுத்தபோது வாசலிலேயே பாய் போட்டு உட்காரவிட்டிருக்கிறார். மூன்றாம் வாரம் அவனாகவே உள்ளே வந்தான். மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அழுகிறான் என்று கண்டதும் மணியை விட்டுவிட்டுக் கையைத் தட்டத் தொடங்கினார். பாட்டு, சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று நான்கு படங்களை மட்டையில் வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் அதைத் திருப்பி வைத்தார். பிறகு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் பையன் அமைதியானான். வெளிநாடுகளில் இதற்கெல்லாம் பெயரும் பயிற்சிநெறியும் உண்டு. நம் ஊரில் ஒரு பெண் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். “அவன் பேசமாட்டான் சேர். ஆனா நான் சொல்லுறது எல்லாம் அவனுக்கு விளங்கும். வருசக் கடைசியில தண்ணி வேணுமெண்டா அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் கையில தருவான்” என்றார். முதலாம் தரத்தின் வாசலில் இந்த ஆசிரியையிடம் ஒரு வார்த்தை விசாரிக்க மூன்று பாடசாலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. பிள்ளை பேசுவானா என்றுதான் கேட்டார்கள்.

பெற்றோர் என்னதான் செய்வது? நானறிந்ததைச் சொல்கிறேன். வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். அனுமதி கேட்கும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதந்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். சட்டத்தரணிகளுக்கு இது பாலபாடம். கடற்கரை வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. மறுக்கப்பட்டு மூன்று மாதங்கள் கழிந்த பிறகுதான் நம்மிடம் வந்து சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். தகப்பன் அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுத்தில தந்தா அது எங்களுக்குத்தானே ஐயா வெட்கம்?” என்றார்.

நான் பதில் சொல்வதற்கு முன் தாய் எழும்பி உள்ளே போனார். பிள்ளை பிறந்தபோது குடும்பநல மாது கொடுத்த வளர்ச்சிப் பதிவேட்டையும் கொழும்பு மருத்துவரின் கடிதத்தையும் முன்பள்ளி ஆசிரியை எழுதிக்கொடுத்த ஒற்றைத் தாளையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு பிரதிகள். மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழரைக்கு, மூன்றாவது பாடசாலைக்கே மீண்டும் போவதென்று தீர்மானித்தார். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும், மிதவைகளில் நாலைந்தை அவனுடைய பையில் போட்டு அனுப்பப்போவதாகவும் சொன்னார்.